கண்ணு கூச்சமும் தலைசுத்தலும் சேந்தே வந்தா மொதல்ல எதுக்குக் காசு செலவு பண்றது?

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேங்க, பதினோரு வருஷமாச்சு. இந்த வேலைல ஷேடு பாக்குறதுன்னு ஒன்னு உண்டு, டையிங்ல இருந்து லேப் டிப், அதாவது சாயம் போட்ட சின்ன சாம்பிள் துணி, வந்ததும் பையர் குடுத்த ஒரிஜினல் துணிய பக்கத்துல வச்சு லைட் பாக்ஸ்குள்ள பாக்கணும், மொதல்ல டி65, அது பகல் வெளிச்சம் மாதிரி, அப்புறம் டிஎல்84, அது கடைக்குள்ள எரியுற டியூப் லைட் மாதிரி, அப்புறம் யூவி, இப்படி ஒவ்வொரு ஸ்விட்சா தட்டித் தட்டி ரெண்டு துணியும் ஒரே கலராத்தான் தெரியுதான்னு பாக்கணும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நாள் டிஎல்84 போட்டதும் கண்ணுக்குப் பின்னால ஊசி எறங்குன மாதிரி இருந்துச்சு, அடுத்த நிமிஷம் தரை ஒரு பக்கமா சாயுது, மேஜைய பிடிச்சுக்கிட்டு நின்னேன். தலைவலி எனக்கு காலேஜ் படிக்கும்போதே உண்டு, ஆனா கண்ணு கூசுறதும் தலை சுத்துறதும் ஒன்னாச் சேந்து வந்தது அன்னிக்குத்தான்.

அதுக்கப்புறம் ஆளாளுக்கு ஒன்னு சொன்னாங்க. மாமியார் ரூம இருட்டாக்கிப் படு கண்ணுன்னாங்க, கண்ணாடிக் கடைல நீல வெளிச்சத்த வெட்டுற ப்ளூ கட் கண்ணாடி போடுங்கன்னாங்க, கூட வேல பாக்குற பொண்ணு ரோஸ் கலர் கண்ணாடி ஒன்னு இருக்காம்க்கான்னு போன்ல காட்டுனா, தம்பி பச்ச லைட்டு வாங்கித் தர்றேன்னான். ஒவ்வொன்னுக்கும் காசு, ஒவ்வொன்னுக்கும் நாலு மாசம் பொறுத்துப் பாக்கணும். நான் தப்பான வரிசைல ஆரம்பிச்சு ஒரு வருஷத்த விட்டுட்டேன், அதனால இதே நெலமைல இருக்குறவங்களுக்கு எது எதுக்கு ஒத்துவரும், எது ஒத்துவராதுன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதுறேன்.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடணும். கண்ணு கூச்சம் எல்லாமே மைக்ரேன், அதாவது ஒத்தத் தலைவலி, கெடையாது. கண்ணு செவந்து வலிச்சு கூசுனா, பார்வை மங்குனா, லைட்ட சுத்தி வானவில் வட்டம் தெரிஞ்சு வாந்தி வந்தா அன்னிக்கே கண் டாக்டர்கிட்ட போகணும், அது கண்ணுக்குள்ள அழுத்தமோ வீக்கமோ இருக்கலாம். காய்ச்சலோட கழுத்து விறைச்சு வெளிச்சம் ஆகலைன்னாலோ, இடி விழுந்த மாதிரி ஒரே நொடில உச்சத்துக்குப் போற தலைவலின்னாலோ, பேச்சு குழறுனாலோ, ஒரு பக்கம் கை கால் வெலவெலத்துப் போனாலோ, நேரா ஆஸ்பத்திரிதான். தலைசுத்தலோட திடீர்னு ஒரு காது கேக்காமப் போனாலும் நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடக்கூடாது. கண்ணு உலர்ந்து போறதுனாலயும் நல்லாக் கூசும், ஏசிலயும் ஃபேனுக்கு நேராவும் உக்காந்து கம்ப்யூட்டர் பாக்குறவங்களுக்கு இது ரொம்ப சகஜம், மைக்ரேன் உள்ளவங்களுக்கே இது சேந்து இருக்கலாம், அதுக்கு ட்ராப்ஸ் போட்டாலே பாதி கொறையும். எனக்கும் கொஞ்சம் அது இருந்துச்சு, செலவுலயே கம்மியான வைத்தியம் அதுதான், அதனால முதல் செலவு கண் டாக்டர் ஃபீஸ்தான்னு வச்சுக்கோங்க.

எனக்கு காது டாக்டர் டெஸ்ட் எல்லாம் பண்ணிட்டு காதுல கோளாறு இல்லைன்னு நியூரோ டாக்டர்கிட்ட அனுப்புனாரு, அவரு வெஸ்டிபுலர் மைக்ரேன்னு சொன்னாரு. அதாவது மைக்ரேனே தலைசுத்தலா வர்றது. 2012ல தலைசுத்தல் பத்தி ஆராய்ச்சி பண்றவங்களோட பரானி சொசைட்டியும் சர்வதேச தலைவலி சங்கமும் சேந்து இதுக்கு ஒரு வரையறை வச்சிருக்காங்க, அஞ்சு நிமிஷத்துல இருந்து 72 மணி நேரம் வரைக்கும் நீடிக்கிற தலைசுத்தல் அஞ்சு தடவையாச்சும் வந்திருக்கணும், அதுல பாதி தடவையாச்சும் மைக்ரேனோட அடையாளம் கூட இருக்கணும், அந்த அடையாளத்துல வெளிச்சமும் சத்தமும் ஆகாமப் போறதும் ஒன்னு. தலை வலிக்கணும்னே அவசியம் இல்லையாம். இது தெரியாம எத்தன பேரு பித்தம்னு நெனச்சு இஞ்சிச் சாறு குடிச்சுக்கிட்டு இருக்காங்களோன்னு எனக்கு வருத்தமா இருக்கும்.

வெளிச்சம் ஏன் வலிக்குதுங்கிறது தெரிஞ்சா எந்தக் கண்ணாடின்னு முடிவு பண்றது சுலபம். நம்ம கண்ணுல பாக்குறதுக்குன்னு இருக்குற செல்லு போக, வெளிச்சம் எவ்வளவு இருக்குன்னு மட்டும் அளக்குற ஒரு வகை செல்லு இருக்கு, அதுல மெலனாப்சின்னு ஒரு பொருள், அது 480 நானோமீட்டர் (வெளிச்சத்தோட கலர அலைநீளத்துல சொல்ற அளவு) பக்கம் இருக்குற நீல வெளிச்சத்துக்குத்தான் அதிகமா துடிக்கும். 2010ல ஹார்வர்டுல ராமி பர்ஸ்டைன் குழு கண் பார்வை இல்லாத மைக்ரேன்காரங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, வெளிச்சமே சுத்தமா உணர முடியாதவங்களுக்கு லைட்டுனால வலி கூடல, உருவம் தெரியலன்னாலும் வெளிச்சம் இருக்குன்னு மட்டும் உணர முடிஞ்சவங்களுக்கு வலி கூடுச்சு. அந்த அளக்குற செல்லோட நரம்பு, தலைவலி நரம்பு வந்து சேர்ற எடத்துலயே போய் சேருதுன்னு எலிகள்ல காட்டுனாங்க. நான் இத படிச்சப்ப அழுதுட்டேன், ஏன்னா வீட்ல எல்லாரும் லைட்டு உனக்கு ஒரு சாக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்த நேரம் அது.

சரி, இப்ப ஒவ்வொன்னா வர்றேன்.

இருட்டு ரூமும் கூலிங் கிளாஸும்தான் எல்லாரும் மொதல்ல போற எடம், நானும் போனேன். அட்டாக் வந்த நேரத்துல ஜன்னல சாத்தி ஈரத்துணிய கண்ணு மேல போட்டுப் படுக்குறது தப்பே இல்ல, அது நல்லது. தப்பு எங்க ஆரம்பிக்குதுன்னா அட்டாக் போனப்புறமும் அதே இருட்டுல இருக்குறது, ஆபீஸ்குள்ள, வீட்டுக்குள்ள, சமையல்கட்டுல கூட கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டே சுத்துறது. கண்ணு இருட்டுக்குப் பழகிடும்ங்க, தியேட்டர்ல இருந்து மத்தியானம் வெளிய வந்தா எப்படி இருக்கும், அந்தக் கண்ணோடயே நாள் முழுக்க வாழ்ற மாதிரி ஆயிடும், அப்புறம் சாதா வெளிச்சமே வெயிலாத் தெரியும். நான் அஞ்சு மாசம் இப்படிப் போட்டேன், கடைசில ஃப்ரிட்ஜ் தொறந்தா வர்ற லைட்டு கூட ஆகல.

தலைசுத்தலும் சேந்து இருக்குறவங்களுக்கு இதுல இன்னொரு ஆபத்து இருக்கு, இத யாரும் எனக்கு சொல்லல. நாம நேரா நிக்கிறதுக்கு மூளை மூனு எடத்துல இருந்து தகவல் வாங்குது, உள்காது, பாதமும் மூட்டும், அப்புறம் கண்ணு. உள்காது தகவல்ல கொழப்பம் இருக்குறப்ப கண்ணுதான் பிடிமானம், தரை எங்க சுவரு எங்கன்னு அதுதான் சொல்லுது. அந்தக் கண்ணுக்குக் கருப்புக் கண்ணாடி போட்டு மறைச்சுட்டா கால் தள்ளாடும். கம்பெனி மாடிப்படில ரெண்டு தடவ கால் எடறுனேன், ரெண்டு தடவையும் கண்ணாடி போட்டிருந்தேன். வெறும் மைக்ரேன் மட்டும் உள்ளவங்களுக்கு இருட்டு சுகம் குடுக்கும், நம்மள மாதிரி ரெண்டும் உள்ளவங்களுக்கு இருட்டு கண்ணுக்கு சுகம், காலுக்கு எமன். நான் இனி சொல்லப்போற எல்லாத்துலயும் இந்த ஒரு அளவுகோலத்தான் வச்சுப் பாக்குறேன், கூச்சமும் கொறையணும், தரையும் தெளிவாத் தெரியணும்.

அதனால கூலிங் கிளாஸ் வெளிய வெயிலுக்கு மட்டும். சித்திரை வெயில்ல அது இல்லாம போக முடியாது, வேணும்தான். வாங்கும்போது, கண்ணாடி எவ்வளவு கருப்புன்னு சொல்ற நம்பர்ல 3ஆம் கேட்டகிரின்னு போட்டிருக்குறது போதும், 4ஆம் கேட்டகிரி வண்டி ஓட்டவே ஆகாது. ரோட்டுல கார் கண்ணாடில பட்டு வர்ற பளபளப்புதான் உங்களுக்குத் தொல்லைன்னா போலரைஸ்டு எடுங்க, அது அந்தப் பளபளப்ப நல்லாவே வெட்டும், ஆனா சில போன் ஸ்க்ரீனும் ஏடிஎம் ஸ்க்ரீனும் கருப்பாத் தெரியும், சாய்ச்சு சாய்ச்சு பாக்கணும். வெயில்ல கருத்து உள்ள வந்தா வெளுக்குற கண்ணாடி கேக்கவே நல்லா இருக்கும், ஆனா அது யூவிக்குத்தான் கருக்கும், கார் முன் கண்ணாடி யூவிய தடுக்குறதுனால காருக்குள்ள பெருசா கருக்காது, அதோட சூடு அதிகமான ஊர்ல குளிர்ப்பிரதேசத்துல கருக்குற அளவுக்கு கருக்காது. நம்ம ஊர் மே மாசத்துக்கு அது பாதி வேலைதான் செய்யும்.

ப்ளூ கட் பத்தி நீளமா பேச ஒன்னும் இல்ல. கடைல எல்லாருக்கும் அதத்தான் தள்ளி விடுறாங்க. 2023ல மருத்துவ ஆராய்ச்சிகள தொகுத்து அலசுற காக்ரேன் அமைப்பு 17 ஆராய்ச்சிகள ஒன்னாச் சேத்துப் பாத்து, கம்ப்யூட்டர்னால வர்ற கண் சோர்வுக்கு சாதா கண்ணாடிய விட இது குறுகிய காலத்துல பெருசா ஒன்னும் கூடுதலா செய்யலன்னு எழுதுனாங்க. அதோட அந்தக் கண்ணாடி வெட்டுறது நீலத்துல கொஞ்சூண்டுதான், பெரும்பாலும் ஊதாப் பக்கம், நமக்குத் தொந்தரவு குடுக்குற 480 பக்கம் அது அதிகமாப் போறதில்ல. எனக்கு ஒன்னும் தெரியல. அந்தக் காச மிச்சம் பண்ணுங்க.

ரோஸ் கண்ணாடிக்கு வருவோம், இதோட பேரு எஃப்எல்-41. இது மொதல்ல இங்கிலாந்துல பர்மிங்ஹாம்ல டியூப் லைட்டுக்கு ஆகாதவங்களுக்காக வந்தது. 480ல இருந்து 520 நானோமீட்டர் பக்கம் இருக்குற நீலப்பச்சய நல்லா வெட்டும், மத்தத விட்டுடும், அதனாலதான் ரோஸா தெரியுது. 1991ல மைக்ரேன் உள்ள 20 பிள்ளைங்கள வச்சுப் பாத்தாங்க, சில பேருக்கு இந்தக் கண்ணாடி, சில பேருக்கு நீலக் கண்ணாடி, நாலு மாசத்துல இது போட்ட பிள்ளைங்களுக்கு மாசத்துக்கு 6.2 தடவ வந்த தலைவலி 1.6 ஆயிடுச்சு. சின்ன ஆராய்ச்சிதான், ஆனா திசை நல்ல திசை. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், கருப்புக் கண்ணாடி மாதிரி எல்லா வெளிச்சத்தையும் அமுக்காம வலிக்கிற பகுதிய மட்டும் எடுக்குறதுனால தரை நல்லாத் தெரியும், படி தெரியும், கால் தள்ளாடல.

கொறை என்னன்னு சொல்றேன். மொதல் கொறை என் தொழிலோட சம்பந்தப்பட்டது, இது போட்டா கலர் மாறிடும். வெள்ளைத் துணி லேசா சிவப்படிக்கும், மெரூனுக்கும் ஒயினுக்கும் வித்தியாசம் தெரியாது, லைட் பாக்ஸ் முன்னாடி இதப் போட்டுக்கிட்டு ஷேடு ஓகே பண்ணா அந்த லாட்டே ரிஜெக்ட் ஆகி கன்டெய்னர் திரும்பி வந்துடும். டையிங், பிரின்டிங், பெயின்ட் கடை, நகைக்கடை, போட்டோ எடிட்டிங், பேத்தாலஜி லேப், இப்படி கலர் பாத்து முடிவு சொல்ற வேலைல இருக்குறவங்க வேலை நேரத்துல இத நம்ப முடியாது. ரெண்டாவது, ரோஸா இருக்குறதெல்லாம் எஃப்எல்-41 இல்ல. இங்க லென்ஸ்ல சாயம் ஏத்திக் குடுக்குற கடை நெறைய இருக்கு, கலர் அதே மாதிரி வரும், ஆனா எந்த நானோமீட்டர்ல எவ்வளவு வெட்டுதுன்னு கேட்டா பதில் இருக்காது, நாங்க துணில சொல்லுவோமே கண்ணுக்கு ஒரே கலரு ஆனா லைட்ட மாத்துனா வேற கலருன்னு, அதே கததான். அளவு காட்டுற கிராஃப் கேளுங்க, குடுக்கலன்னா வேற எடம் பாருங்க. மூனாவது, ராத்திரி வண்டி ஓட்டும்போது எந்தச் சாயக் கண்ணாடியும் வேணாம், எதுத்தாப்புல வர்ற லாரி ஹை பீம் எவ்வளவு கூசுனாலும் சரி, ஓரமா நடந்து போற ஆளு தெரியாமப் போயிடுவாரு.

இன்னொன்னு, நாப்பது வயசு தாண்டி ப்ரோக்ரசிவ் கண்ணாடி, அதாவது தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸ்ல பவர் இருக்குறது, போடுறவங்களுக்கு. அந்த லென்ஸோட ஓரத்துல பாத்தா எல்லாம் அலை மாதிரி நெளியும், சாதா ஆளுக்கு ஒரு வாரத்துல பழகிடும், தலைசுத்தல் உள்ளவங்களுக்கு அதுவே ஒரு புது தலைசுத்தல். அதனால சாயம் ஏத்துறதா இருந்தா ஒரே பவர் லென்ஸ்ல ஏத்துங்க, இல்ல இருக்குற கண்ணாடி மேல மாட்டுற க்ளிப் வாங்கிப் பாருங்க, ஒத்துவரலன்னா நஷ்டம் கம்மி.

இப்ப நான் மொதல்லயே செஞ்சிருக்க வேண்டியது, லைட்ட மாத்துறது. நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதுனால பழைய சோக்கு போட்ட டியூப் லைட்டு செகண்டுக்கு 100 தடவ அணைஞ்சு எரியுற மாதிரி துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா மூளைக்குத் தெரியுது. 1989ல இங்கிலாந்துல ஆர்னால்டு வில்கின்ஸ் குழு ஒரு ஆபீஸ்ல பழைய சோக்குக்கும் எலக்ட்ரானிக் சோக்குக்கும் யாருக்கும் சொல்லாம மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தாங்க, எலக்ட்ரானிக் சோக்கு இருந்த காலத்துல தலைவலியும் கண் வலியும் பாதிக்கு மேல கொறஞ்சுது. இப்ப எல்லாம் எல்ஈடி ஆயிடுச்சே, அப்புறம் என்னன்னு கேப்பீங்க, எல்ஈடி நல்லது கெட்டது ரெண்டும் இருக்கு, உள்ள கரன்ட்ட சீர் பண்ற ட்ரைவர் நல்லா இல்லாத மலிவு பல்பு அந்தப் பழைய டியூப விட மோசமா துடிக்கும், ஏன்னா டியூப்லயாச்சும் உள்பக்கம் இருக்குற பாஸ்பர் பூச்சு கொஞ்சம் மினுங்கிக்கிட்டே இருக்கும், எல்ஈடி சட்டுனு அணைஞ்சு சட்டுனு எரியும்.

இத கண்டுபிடிக்க காசே வேணாம். போன் கேமராவ ஸ்லோ மோஷன்ல வச்சு பல்ப எடுத்துப் பாருங்க, துடிச்சா தெரிஞ்சிடும். இல்ல ஒரு பேனாவ லைட்டுக்குக் கீழ வேகமா இப்படி அப்படி ஆட்டுங்க, ஒரே பட்டையா தெரிஞ்சா நல்ல லைட்டு, அஞ்சாறு பேனா தனித்தனியா நிக்கிற மாதிரி தெரிஞ்சா துடிக்கிற லைட்டு. நான் எங்க வீட்ல ஏழு லைட்டுல மூன இப்படி கண்டுபிடிச்சேன், அதுல ஒன்னு நான் தெனமும் காய் நறுக்குற எடத்துக்கு நேர் மேல.

அப்புறம் ஃபேன். டியூப் லைட்டுக்குக் கீழ ஃபேன் சுத்துனா இறக்கை வெளிச்சத்த வெட்டி வெட்டி நிழல் ஓடும், அது துடிப்போட சேந்து தலைசுத்தலையும் கெளப்பும். லைட்ட ஃபேனுக்குக் கீழ் மட்டத்துல சுவருல மாத்துங்க, எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை. கடைல பல்பு கேட்டா பெரும்பாலும் 6500 கெல்வின் பளிச் வெள்ளைதான் எடுத்துக் குடுப்பாங்க, 3000 கெல்வின் வார்ம் வைட் கேட்டு வாங்குங்க, அதுல நீலம் கம்மி. வெளிச்சம் நேரா கண்ணுல விழாம சுவத்துலயோ சீலிங்லயோ பட்டு வர்ற மாதிரி திருப்பி வச்சா இன்னும் நல்லது. போன்லயும் துடிப்பு இருக்கு, சில போன் ஸ்க்ரீன்ல வெளிச்சத்த ரொம்பக் கொறச்சா அது வேகமா அணைச்சு எரிச்சுத்தான் கொறைக்கும், அதனால ராத்திரி ப்ரைட்னஸ சுத்தமா கீழ இழுக்குறத விட ரூம்ல ஒரு சின்ன லைட்டு போட்டுக்கிட்டு நடுவுல வைக்கிறது எனக்கு ஒத்துவந்துச்சு.

ஆபீஸ்ல மாத்துறதுதான் கஷ்டம். எனக்கு நேர் மேல இருந்த ரெண்டு டியூப மட்டும் கழட்டிக் குடுங்கன்னு கேட்டேன், ஒரு மாசம் இழுத்தாங்க, டாக்டர் லெட்டர் குடுத்தப்புறம் கழட்டுனாங்க. லைட் பாக்ஸ ஒன்னும் பண்ண முடியாது, அது ஸ்டாண்டர்டு, அதுல கை வைக்கக் கூடாது. மொத்தத்துல வீட்டு லைட்டுக்கு எனக்கு ஆன செலவு ஒரு சாயக் கண்ணாடி விலைல பாதி கூட வரல, வீட்ல எல்லாருக்கும் உபயோகம், கலர் மாறல, தரை மறையல.

தொப்பி பத்தியும் சொல்லணும், இது சின்னதுதான், ஆனா எனக்கு ரொம்ப உதவுன பொருள். முன்னால நீட்டிக்கிட்டு இருக்குற சாதா கேப். கண்ணுக்கு மேல இருந்து வர்ற வெளிச்சத்த மட்டும் மறைக்கும், முன்னாடி இருக்குறது அப்படியே தெரியும், கலரும் மாறாது, படியும் தெரியும். சுடிதார் மேல கேப் போட்டுக்கிட்டு உக்காந்தா மொத வாரம் எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, ரெண்டாவது வாரம் யாரும் பாக்க மாட்டாங்க. வெளிய போக உள்பக்கம் கருப்பா இருக்குற கொடை.

பச்ச லைட்டுதான் இப்ப எல்லாரும் கேக்குறது. 2016ல அதே பர்ஸ்டைன் குழு, அட்டாக்ல இருக்குறவங்களுக்கு வெள்ளை, நீலம், பச்சை, அம்பர், சிவப்பு வெளிச்சம் தனித்தனியா காட்டுனாங்க, வெளிச்சம் பலமா இருந்தப்ப பச்சயத் தவிர மத்த எல்லாமே கிட்டத்தட்ட 80 சதவீதம் பேருக்கு வலியக் கூட்டுச்சு, பச்சை மட்டும் மங்கலா இருக்குறப்ப வலிய 20 சதவீதம் அளவுக்குக் கொறச்சுது. அப்புறம் அரிசோனால 29 பேர தெனம் ஒன்னுல இருந்து ரெண்டு மணி நேரம் பத்து வாரத்துக்குப் பச்ச எல்ஈடில உக்கார வச்சாங்க, தலைவலி நாட்கள் சராசரியா 60 சதவீதம் கொறஞ்சுதுன்னு சொன்னாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா 29 பேருதான், அவங்க எல்லாருக்கும் என்ன லைட்டுன்னு தெரியும். அந்தப் பச்சை ரொம்பக் குறுகிய பச்சை, 530 நானோமீட்டர் பக்கம், ரூம்ல வேற எந்த வெளிச்சமும் இருக்கக் கூடாது. நம்ம பூஜை ரூம் பச்ச ஜீரோ வாட்ஸ் பல்பு அது கெடையாது, பச்சக் கண்ணாடியும் அது கெடையாது. தம்பி வாங்கிக் குடுத்தத நான் ராத்திரி ஒரு மணி நேரம் போட்டுக்கிட்டு உக்காந்தேன், பிள்ளைங்க பரீட்ச நேரத்துல தனி ரூம் ஒதுக்க முடியாம விட்டுட்டேன், அட்டாக்ல முழு இருட்டுக்குப் பதிலா அது இருந்தா எழுந்து பாத்ரூம் போக வசதி, அந்த மட்டுக்கும் இன்னும் வச்சிருக்கேன்.

இங்க ஒருத்தருக்கு சந்தேகம் வரும், ரோஸ் கண்ணாடி 520 வரைக்கும் வெட்டுது, பச்சை லைட்டு 530ல குடுக்குது, ரெண்டும் எப்படி சரியா இருக்கும்னு. கண்ணாடி, கலந்து வர்ற பகல் வெளிச்சத்துல இருந்து தொந்தரவானத எடுக்குது, லைட்டு, வேற எதுவுமே இல்லாத ரூம்ல இருக்குறதுலயே சாதுவானத மட்டும் மங்கலா குடுக்குது. ரெண்டையும் ஒன்னாப் போட்டா எதுக்கும் அர்த்தம் இல்ல.

கடைசியா மருந்து, இத கடைசில எழுதுறேனே தவிர வரிசைல இது முன்னாடி வரணும். கண்ணு கூச்சம் அட்டாக் வந்தப்ப மட்டும்னா கண்ணாடியும் லைட்டும் பாத்துக்கும். மாசத்துல பாதி நாளு கூசுதுன்னா வியாதி கட்டுக்குள்ள இல்லைன்னு அர்த்தம், அதுக்குக் கண்ணாடி மாத்துறது, மழை ஒழுகுற வீட்ல பாத்திரத்த மாத்தி மாத்தி வைக்கிற மாதிரி. பல தடவ வெளிச்சம் அட்டாக்க கொண்டுவர்றதே இல்லைங்க, அட்டாக் உள்ள ஆரம்பிச்சதோட மொத அடையாளமே வெளிச்சம் ஆகாமப் போறது, நாமதான் லைட்டு மேல பழிய போடுறோம். நான் ஒரு நோட்ல மூனு மாசம் எழுதிப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, லைட் பாக்ஸ் ஆகாமப் போன நாள்ல பாதிக்கு மேல அதுக்கு முந்தின நாளே கொட்டாவியும் கழுத்து இறுக்கமும் இருந்திருக்கு.

மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கிப் போடுறவங்க கணக்கு வைங்க. சாதா வலி மாத்திரை மாசத்துக்கு 15 நாளும், மைக்ரேனுக்குன்னே இருக்குற ட்ரிப்டான், எர்காட் வகை மாத்திரை இல்லாட்டி ரெண்டு மூனு மருந்து சேந்த மாத்திரை 10 நாளும், இந்தக் கணக்குல மூனு மாசத்துக்கு மேல போனா மாத்திரையே தலைவலிய உண்டாக்கும், கூச்சமும் போகாது. தலைசுத்தலுக்குப் போடுற சின்னரிசின், ப்ரோக்ளோர்பெரசின் மாதிரி மாத்திரையும் அட்டாக்குக்கு சில நாளுதான், மாசக்கணக்குல போட்டா மூளை பேலன்ஸ் பழகுறது தள்ளிப் போகும், சில பேருக்கு கை நடுக்கம் வரும். வராம தடுக்குற மருந்து வேற, ப்ரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், ஃப்ளூனாரிசின், டோப்பிராமேட் இப்படி, இதுல எதுன்னு டாக்டர்தான் சொல்லணும், ஆனா போறப்ப நீங்க சொல்ல வேண்டியது இருக்கு. வீசிங் இருந்தா சொல்லணும், ப்ரோப்ரனலால் ஆகாது. அமிட்ரிப்டிலின் கண்ண உலர்த்தும், ஏற்கனவே உலர்ந்த கண்ணுன்னா கூச்சம் கூடும். டோப்பிராமேட் ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல திடீர்னு கண் வலிச்சு பார்வை மங்குனா அன்னிக்கே ஓடணும். எதுவா இருந்தாலும் ரெண்டு மாசம் போட்டாத்தான் பலன் தெரியும், பத்து நாள்ல கேக்கலைன்னு விட்டுடாதீங்க.

தலைசுத்தலுக்கு பேலன்ஸ் பயிற்சி இருக்கு, கட்டை விரல நீட்டி அதையே பாத்துக்கிட்டு தலைய மட்டும் மெதுவா திருப்புறது, அப்புறம் நடந்துக்கிட்டே திருப்புறது, பிஸியோதெரபிஸ்ட் பாத்து சொல்லிக் குடுக்கணும், மைக்ரேன் கொஞ்சம் அடங்குனப்புறம் ஆரம்பிச்சாத்தான் தாங்கும். எனக்கு சூப்பர் மார்க்கெட் அலமாரி வரிசையும், பஸ்ல போறப்ப ரோட்டோர மரத்து வழியா விட்டு விட்டு அடிக்கிற வெயிலும் எந்தக் கண்ணாடிக்கும் அடங்கல, பயிற்சிக்கு அடங்குச்சு. செலவுன்னு பாத்தா ஆறு தடவ போன ஃபீஸ் மட்டும்.

காசு கொஞ்சமாத்தான் இருக்குன்னா, கண் டாக்டர், நியூரோ டாக்டர், தலைவலி நோட்டு, பேனா ஆட்டிப் பாத்து துடிக்கிற பல்ப மாத்துறது, ஒரு கேப், இவ்வளவுதான் மொத ரெண்டு மாசத்துக்கு. அதுக்கப்புறமும் டியூப் லைட்டு ஆபீஸ்ல எட்டு மணி நேரம் உக்காந்தே ஆகணும், கலர் பாக்குற வேலையும் இல்லைன்னா ரோஸ் கண்ணாடிக்குக் காசு போடுங்க, அது நல்ல செலவு. உங்களுக்குத் தலைசுத்தலே இல்ல, வெறும் கூச்சம்தான்னா ரோஸ் கண்ணாடிய இன்னும் கொஞ்சம் முன்னாடி கூட வாங்கலாம். மத்தது எல்லாம் மிச்சம் இருந்தா.

எனக்கு இப்ப மாசத்துக்கு மூனு நாலு நாள்தான் கூசுது. ஷேடு பாக்குறத காலைல மொத வேலையா வச்சுக்கிட்டேன், கேப் போட்டுக்கிட்டு உக்காந்துதான் பாப்பேன், ஒரு லைட்டுல இருந்து இன்னொரு லைட்டுக்கு ஸ்விட்ச் தட்டுறப்ப கண்ண மூடிக்கிட்டு ரெண்டு மூச்சு விட்டுட்டுத் தொறப்பேன், யூவி மட்டும் கூட இருக்குற பொண்ணு பாத்து சொல்லிடுவா. ரோஸ் கண்ணாடிய நானும் கடைசில வாங்கிட்டேன், அது ஹேண்ட்பேக்ல இருக்கு, ஆடிட் வர்ற நாள்ல ஃபேக்டரி ஃப்ளோர் லைட்டுக்கும், கல்யாண வீட்டுக்கும். ஆவணில அக்கா மகளுக்குக் கல்யாணம், வீடியோக்காரர்கிட்ட மேடை லைட்ட ஆளு மூஞ்சிக்கு நேரா அடிக்காம சீலிங்ல அடிச்சு எறக்குங்கன்னு இப்பவே சொல்லி வச்சிருக்கோம், அவரும் அப்படி அடிச்சா பொண்ணு மூஞ்சி இன்னும் நல்லா வரும்ங்கன்னு சொல்லியிருக்காரு.